சேவதியின் கோலத்தில் பதிந்த கால்

குந்தளாவுக்குப் பொறாமை கூடவே பிறந்தது. சின்ன வயதில் தங்கையின் மூக்குத்தி, கல்யாணமானதும் ஓரகத்தி வீட்டுப் பலாமரம், அப்புறம் பக்கத்து வீட்டுக் கறவை மாடு. ஒடிசாவில் கேந்திராபாடாவுக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் உளுந்தரைத்து வடகம் கிள்ளி வைத்து விற்றாள். எதிர்வீட்டுக்காரியின் வடகம் ஒரு பிடி கூடுதல் வெள்ளையாக இருந்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. "உன் வயித்தெரிச்சல்லயே வடகம் காய்ஞ்சிடும், வெயில் எதுக்கு?" என்று புருஷன் பாய்தர் கேலி செய்வான். அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே எதிர்வீட்டு முறத்தை ஓரக்கண்ணால் பார்ப்பாள்.

அவளுக்கு ஒரே மகள், ஜிலி. பத்தொன்பது வயதில், ஒரு மழைக்காலத்து மஞ்சள்காமாலையில் போய்விட்டாள்.

அன்றைக்குக் குந்தளா அழவில்லை. அழக்கூடாது என்றில்லை, வரவில்லை. ஊரே மாரடித்து அழுதபோது இவள் நடு வீட்டில் நின்றுகொண்டு, வந்தவர்களுக்கு உட்காரப் பாய் போதுமா என்று கேட்டாள். "கல்லு, கல்லு" என்று ஓரகத்தி யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. வருஷம் இரண்டு ஓடியும் கண் ஈரமாகவில்லை. நெஞ்சில் ஆட்டுக்கல்லைத் தூக்கி வைத்த மாதிரி ஒரு கனம், படுத்தால் இன்னும் அழுத்தும். வைத்தியர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாததுதான் இப்படி அழுத்துகிறதா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"காளியாகிட்டயே போய்க் கேளு. ஒரு மாசம் அவன் வாசல்லயே கிட" என்றான் பாய்தர். ஜகந்நாதனை அங்கே எல்லோரும் அப்படித்தான், வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி, காளியா என்பார்கள். கார்த்திகை நோன்புக்கு அவளைப் புரியில் ஒரு மடத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான்.

மடத்தில் அவளுக்கு அறைத்துணையாக வாய்த்தவள் சேவதி. சிலிகா ஏரிக்கரைக்காரி, இவளைவிடச் சின்னவள். ஒரே படகில், ஒரே புயலில் புருஷனும் மகனும் போனவள். கேட்டதும் குந்தளாவுக்குப் பரிதாபம் வந்தது. ஆனால் அது அன்று மத்தியானத்தைத் தாண்டவில்லை.

ஏனென்றால் சேவதி அழுதாள். சன்னதியில் கதவு திறந்ததும் பொலபொலவென்று அழுவாள், குழந்தை மாதிரி, மூக்கு ஒழுக ஒழுக. அழுது முடித்துத் திரும்பி வந்து பச்சரிசிச் சோறும் பாசிப்பருப்பும் நெய்யுமாக நோன்புக்கான ஒருவேளைச் சாப்பாட்டை வழித்துத் தின்பாள். படுத்தால் குறட்டை. குந்தளா மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு கிடப்பாள். ரெண்டு பேரைப் பறிகொடுத்தவள் தூங்குகிறாள். ஒருத்தியைப் பறிகொடுத்தவள் விழித்திருக்கிறாள். இது எந்த ஊர் நியாயம்?

"கூலி வாங்கிக்கிட்டு அழுறவ மாதிரி அழுறியேடி" என்று ஒருநாள் குத்தினாள்.

சேவதிக்கு அது உறைக்கவே இல்லை. "காளியா கூலி தர்றானே அக்கா. அழுதா தூக்கம் தர்றான். கணக்குல கெட்டிக்காரன்."

காளியாவின் கண் வட்டக்கண், இமை கிடையாது, எங்கே நின்றாலும் நம்மையே பார்க்கும் என்பார்கள். குந்தளாவுக்கு மட்டும் அந்தக் கண் தன் தோளைத் தாண்டிச் சேவதியைப் பார்ப்பதாகவே பட்டது. மறுநாள் சேவதிக்கு மறுபக்கம் போய் நின்றாள். அப்போதும் அவளைத்தான் பார்த்தது. சுற்றியிருந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்போது குந்தளாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். முந்தானை நனைந்திருக்காது. பலாமரத்துக்கும் மாட்டுக்கும் பொறாமைப்பட்டவள் இப்போது அடுத்தவளின் கண்ணீருக்குப் பொறாமைப்பட்டாள். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அவளுக்கு வேறு எந்தப் பொறாமையும் இப்படி எரிந்ததில்லை.

போதாக்குறைக்குக் கோலம் வேறு. விடிகாலையில் குளித்துவிட்டு வந்து, மடத்து முற்றத்தில் துளசி மாடத்தைச் சுற்றி ஒவ்வொருத்தியும் தன் தன் இடத்தில் வண்ணப்பொடிக் கோலம் போடவேண்டும். வில்வ இலைப் பச்சை, செங்கல் சிவப்பு, கொட்டாங்கச்சிக் கரி, கல்மாவு வெள்ளை, சாமந்தி மஞ்சள். குந்தளாவின் தாமரை ஏதோ அப்பளம் மாதிரி வந்தது. சேவதி பொடியைக் கிள்ளி உதறினால் இதழ் இதழாக விரிந்தது. மற்றவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

கார்த்திகையின் கடைசி ஐந்து நாட்கள் வந்தன. கொக்குகூட மீனைத் தொடாது என்று சொல்லும் நாட்கள். அதில் ஒரு விடியலில்தான் குந்தளா அந்தக் காரியத்தைச் செய்தாள். எல்லோரும் கோவிலுக்குக் கிளம்பிய பிறகு, தீபத்துக்குத் திரி மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தாள். முற்றத்தில் யாருமில்லை. சேவதியின் தாமரை நடுமுற்றத்தில் சிரித்துக்கொண்டிருந்தது. அழிக்கவேண்டும் என்றுதான் காலைத் தூக்கினாள். நடுப்பொகுட்டில் ஊன்றி ஒரு மிதி மிதித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. அப்படியே காலை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடி, கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள்.

கோவிலிலிருந்து திரும்பியதும் சேவதிதான் முதலில் பார்த்தாள். பொகுட்டின் நடுவில், மஞ்சளுக்குள் சுத்தமாக ஒரு வலதுகால். விரல் ஐந்தும் எண்ணலாம்.

"வந்துட்டான்" என்றாள் சேவதி. சத்தம்கூடப் போடவில்லை. மரம் சாய்கிற மாதிரி அந்தக் கோலத்தின் முன்னால் விழுந்தாள்.

பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "அவனுக்குக் காலே கிடையாதேடி. கட்டையில செஞ்ச சாமிக்கு ஏது கால்?" என்றாள் நிசாமணி. இருபது கார்த்திகை பார்த்தவள், எதையும் சட்டென்று நம்பமாட்டாள்.

"நோன்புக்காரி வீட்டுக்கு வர்றதுக்கு மட்டும் கால் முளைக்கும்" என்றாள் இன்னொருத்தி. அதற்கப்புறம் நிசாமணியும் குனிந்து ஒரு சிட்டிகைப் பொடியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். கும்பலில் இடித்துக்கொண்டு எல்லோரும் எடுத்தார்கள்.

குந்தளா ஓரமாக நின்று பார்த்தாள். வயிறு பற்றி எரிந்தது. தன்னுடைய கால். வெடித்த குதிகாலும் கோணல் சுண்டுவிரலுமாக இருக்கிற தன்னுடைய கால். அதையும் சேவதி சாமியாக்கிக்கொண்டாள். மிதித்தவளுக்கு ஒன்றுமில்லை, மிதிபட்டவளுக்குத் தரிசனம்.

விழுந்து கிடந்த சேவதி கொஞ்சநேரம் எழுந்திருக்கவில்லை. கன்னத்தைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் எதையோ பார்த்தபடி இருந்தாள். பிறகு எழுந்து, கால் பதிந்த இடத்தில் ஒரு சிட்டிகை கிள்ளிக்கொண்டு நேரே குந்தளாவிடம் வந்தாள். அவள் நெற்றியில் அழுத்திப் பூசினாள்.

"உனக்குத்தான் அக்கா. மாசம் பூரா உனக்குத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். இந்த அக்காவுக்கு ஒரு சொட்டு குடுடான்னு."

"என்ன சொட்டு?"

"சன்னதியில தினமும் காய்ஞ்ச கண்ணைத் துடைச்சுக்கிட்டு நிக்கிறியே. பக்கத்துல நிக்கிற எனக்குத் தெரியாதா?"

குந்தளா ஒரு எட்டு கிட்டே வந்தாள். மற்றவர்கள் கேட்காதபடி மெல்லச் சொன்னாள். "அது என் கால்டி."

"தெரியும்."

"தெரியுமா?"

"விழுந்தப்புறம்தான் தெரிஞ்சுது. தலையைத் திருப்பினேன், உன் குதிகால் வெடிப்புல மஞ்சள் அப்பியிருந்துச்சு."

"தெரிஞ்சுமா எடுத்து எனக்குப் பூசினே? ரெண்டு அறை விட்டிருக்கவேண்டியதுதானே."

"அறையத்தான் எழுந்தேன்" என்றாள் சேவதி. "அவன்தான் வந்தான்னு நெனச்சு விழுந்துட்டேன் அக்கா. அந்தக் கும்பிடைத் திரும்ப எடுத்துக்க முடியுமா? என் வீட்டு ரெண்டு உசிரை அந்த ஏரி மிதிச்சுது. நீ பொடியைத்தானே மிதிச்சே. போகட்டும்."

போகட்டும் என்ற அந்தச் சொல்தான் எங்கேயோ இடித்தது. ஜிலி போன நாளிலிருந்து குந்தளா எதையும் போகட்டும் என்று விட்டதில்லை. ஓரகத்தி சொன்ன கல்லைக்கூட இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அடிவயிற்றிலிருந்து ஏதோ புரண்டு வந்தது. வாந்தி என்று நினைத்து வாயைப் பொத்தினாள். வந்தது மகளின் பெயர். "ஜிலி" என்று கத்திக்கொண்டு அந்தக் கோலத்தின் மேலேயே, பச்சையும் சிவப்பும் புடவையெல்லாம் அப்ப, உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் முந்தானைக்கு அடங்கவில்லை.

"பாத்தியா, கால் பட்ட இடத்துல உட்கார்ந்ததும் இவளுக்கும் வந்துட்டான்" என்று நிசாமணி மற்றவர்களுக்கு விளக்கினாள். யாரும் அவளைத் திருத்தவில்லை.

சேவதி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். வெயில் முற்றத்துக்கு வந்துவிட்டது. குந்தளா நிறுத்துகிறபாடில்லை. விக்கி விக்கி ஓய்ந்து, மறுபடி மகளின் தலைப்பின்னலை நினைத்துக்கொண்டு தொடங்குவாள். சேவதியின் கை மெல்ல மெல்லத் தயங்கி நின்றது.

"இவ்வளவா உள்ள வெச்சிருந்தே?" என்றாள் சேவதி. "ஒரு மாசமா அழுறேன், எனக்கு ஒருநாள்கூட இப்படி வந்ததில்லையே."

குந்தளா நிமிர்ந்து பார்த்தாள். சேவதியின் முகத்தில் இருந்தது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே ஓரக்கண், அதே சுருங்கிய உதடு. ஆயுசில் முதல்தடவையாகத் தன்னைப் பார்த்து ஒருத்திக்குப் பொறாமை. குந்தளா தள்ளி உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். சேவதி அவள் தோளில் சாய்ந்தாள். இருவருமாக அழுதார்கள்.