பாறைக்கரையில் வந்த பெரிய ஓரெட்

கரையில் நின்று பெரிய மீன் பிடிப்பதில் தூண்டில் எறிவது சின்ன வேலை. கொளுவிய மீனைக் கல்லுகளுக்கு இடையால் கரைக்குக் கொண்டுவருவதுதான் பெரிய வேலை. வழுக்குப் பாறையில் விரல் மரத்துப்போக நின்று, வெறுங்கையோடு வீடு திரும்பிய உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

கைநூல் பழக்கம்

சில்க்போர்க் என்ற டேனிஷ் ஊரில் ஒரே தொழிற்சாலையில் மூன்று பேர் வேலை செய்தோம்: நான், பருத்தித்துறைச் சிவராசா அண்ணை, டேனிஷ்காரர் யென்ஸ். சனிக்கிழமைகளில் யென்ஸின் காரில் கிழக்குக் கரைக்குப் போவோம். அங்கே மாடு படுத்திருப்பதுபோலப் பாறைகள் கடலுக்குள் இறங்கிக் கிடக்கும். அவற்றின் நடுவே ஓரெட் இரை தேடும். சால்மனுக்குத் தம்பி முறையான மீன். உடம்பெல்லாம் வெள்ளித் தகடு.

முதல் நாளே அண்ணைக்குக் கொளுவியது. ஊரில் வள்ளத்தில் இருந்து கைநூலால் பிடித்துப் பழகியவர். தூண்டில் தடியைக் கல்லில் போட்டுவிட்டு நூலை இரு கையாலும் மாறிமாறி இழுத்தார். தடி வளைந்து கொடுக்கும், கை கொடுக்காது. மீன் தண்ணீரை விட்டு முழுதாக எழும்பியது. வெயில் பட்டு ஒரு கணம் அந்தரத்தில் நின்றதுபோல இருந்தது. தலையை ஒரு உதறு, நூல் அறுந்தது. வாயைப் பிளந்து நின்ற அண்ணையின் கையில் யென்ஸ் தடியை எடுத்துக் கொடுத்தார்.

"இது படகு கட்டுகிற கயிறில்லை, சிவா. ஓட விடு, அது களைக்கட்டும்."

சாப்பிடாதவரின் மீன்

அண்ணை பழகிக்கொண்டார். மீன் ஓடினால் நூலை விடுவார், நின்றால் சுற்றுவார். கரைக்கு வரும் அலையோடு சேர்த்து மீனைக் கொண்டுவருவார். அலை பின்வாங்கும்போது இழுக்கவே மாட்டார். ஆனால் பிடித்ததையெல்லாம் எங்களுக்கே தந்துவிடுவார்.

ஊரிலிருந்து தமிழ்க் குடும்பங்களைக் கூப்பிடும் விண்ணப்பங்கள் டேனிஷ் அலுவலகங்களில் அசையாமல் கிடந்த வருஷங்கள் அவை. அண்ணையின் மனைவி மலர் ஊரில் இருந்தார். அவர் வந்து சேரும்வரை மீன் மச்சம் தொடுவதில்லை என்று அண்ணை பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருந்தார். தான் பிடித்த மீனில் மலர் வைக்கும் குழம்போடுதான் முடிப்பாராம். பிறகேன் இந்தக் குளிரில் வந்து நிற்கிறாய் என்று யென்ஸ் கேட்டார்.

"அவள் வரேக்க எனக்குக் கை பழகியிருக்க வேணுமெல்லோ."

செம்பு நிறம்

ஒரு கார்த்திகையில் மலர் வந்தார். அந்தச் சனிக்கிழமையே நால்வரும் கரைக்குப் போனோம். யென்ஸின் பெரிய குளிர்ச்சட்டைக்குள் மலரின் முகம் மட்டும் தெரிந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு தடி வில்லாக வளைந்தது. மீன் நேரே வெளிக்கடலுக்கு ஓடியது.

"ஏனப்பா விடுறீங்கள்? இழுங்கோவன்!" என்று மலர் கத்தினார்.

"பொறு அப்பா, இப்ப இழுத்தால் போச்சு!"

மீன் ஒரு பாறையைச் சுற்றியது. நூல் கல்லில் உரசாமலிருக்க அண்ணை தடியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். ஓடுவதும் வருவதுமாக நெடுநேரம். கடைசியில் யென்ஸின் வலைக்குள் வந்தது. அப்படியொரு மீனை நான் அதற்கு முன் கண்டதில்லை. என் கையை நீட்டினாலும் அதைவிட நீளம். வெள்ளி இல்லை, துலக்கிய செம்பு நிறம், வயிறு புடைத்திருந்தது.

யென்ஸ் மெதுவாகச் சொன்னார், நான் மலருக்குத் தமிழில் சொன்னேன்: முட்டையிடத் தன் ஆற்றுக்குப் போகிற பெண் மீன், இந்த நாட்களில் நிறம் மாறிய மீனை வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை. கரையில் வேறு ஒருவருமில்லை. யென்ஸ் வலையை அண்ணையிடம் கொடுத்துவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அண்ணை மலரைப் பார்த்தார்.

மலர் குனிந்து அந்த வயிற்றை ஒரு விரலால் தொட்டார். "விடுங்கோ" என்றார்.

அண்ணை மீனை இரு கையாலும் தண்ணீருக்குள் நிமிர்த்திப் பிடித்திருந்தார். செவுள் மெல்லத் திறந்து மூடியது. வால் ஒருமுறை அடித்தது. செம்பு நிறம் ஆழத்தில் மறைந்தது.

"நேர்த்தி என்னப்பா ஆகிறது?" என்று அண்ணை கேட்டார்.

"பிள்ளையார் பொறுப்பார். போற வழியில மறிபட்டு நிக்கிறது எப்படியெண்டு எனக்கெல்லோ தெரியும்" என்றார் மலர்.

எங்கள் காலத்தின் மிகப் பெரிய மீனைப் பிடித்த அன்று, சிவராசா அண்ணையின் நேர்த்தி சில்க்போர்க் கடையில் வாங்கிய உறைந்த மீன் துண்டுகளில்தான் முடிந்தது.