தேடுபெட்டியும் படிக்கட்டுக் கதவும்

இருட்டிய பிறகு கேட்டது அந்த விசில். கீழே பனியன் துணி பின்னும் எங்கள் நிட்டிங் கம்பெனியில் ஏதோ மெஷின் கத்துகிறது என்று நினைத்தேன். சத்தம் வந்தது என் மகளின் நெஞ்சிலிருந்து.

கல்லூரி நூலகத்தில், கேட்பவர்களுக்கு இணையத்தில் ஆய்வுக் கட்டுரை தேடித்தருவது என் வேலை. தேடித் தேடிக் கண் எரிந்தவர்களுக்கு என் பாடு புரியும். எங்களுக்குக் கீழே கம்பெனி, மேலே வீடு. மெஷின் நின்றால் காதில் விழவேண்டும் என்று நடுப் படிக்கட்டுக் கதவை ராத்திரி முழுக்கத் திறந்தே வைப்போம். பஞ்சுத் தூசியும் அந்த வழியாகவே ஏறி வரும். "பனிக் காத்து, வேறென்ன" என்றார் மாமியார். எனக்கு மனசு ஒப்பவில்லை. தேடத் தெரிந்தவள் நான்தானே?

கலெக்டருக்கு மனு

நான் படித்த கான்வென்டில் பாதி வாக்கியத்தில் பதில் சொன்னால் சிஸ்டர் மறுபடி எழுப்பி நிறுத்துவார். அந்தப் பழக்கம். மறுநாள் நூலகத்தில், கட்டுரைத் தேடுபெட்டியில், "தயவுசெய்து சொல்லவும், நிட்டிங் கம்பெனிக்கு மேலே குடியிருக்கும் குழந்தைக்கு ஏன் மூச்சிரைக்கிறது?" என்று அழகான ஆங்கிலத்தில், கேள்விக்குறியோடு தட்டினேன். ஒன்றும் வரவில்லை. பக்கத்து மேசை கவிதா அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஏனம்மிணி, இதென்ன கலெக்டருக்கு மனுவா? தூசி, குழந்தை, மூச்சிரைப்பு, மூணு சொல்லு போதும்."

அடுத்த ஊட்டுக் குத்தம்

மூன்று சொல்லைப் போட்டதும் சிமெண்ட் தூசி முதல் புழுதிப் புயல் வரை கொட்டியது. பயந்தவளுக்கு அத்தனையும் தன் குழந்தையைப் பற்றியதாகவே தெரியும். மூச்சை இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். 'பஞ்சுத் தூசி' என்ற இரண்டு சொல்லும் பிரியாதபடி மேற்கோள் குறிக்குள் வைத்தேன். மூச்சிரைப்புக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர்களை எல்லாம் 'அல்லது' போட்டு ஒரே அடைப்புக்குள் தள்ளினேன். இரண்டையும் 'மற்றும்' போட்டுக் கட்டினேன். குவியல் ஒரு கைப்பிடியானது. கிடைத்ததைக் கணவரிடம் நீட்டினேன். அவர் சிரித்தார்.

"இதெல்லாம் நூல் மில்லு. நம்முளது நிட்டிங். நீ தேடிட்டு வந்தது அடுத்த ஊட்டுக் குத்தம்."

சல்லடை

அவர் சொன்னதும் நியாயம்தான். மறுநாள் பார்த்தால் தப்பு என் சல்லடையில். சமீபத்தியது மட்டும், முழுக் கட்டுரை மட்டும் என்று நானே இரண்டு கட்டத்தில் டிக் அடித்து வைத்திருந்தேன். இரண்டையும் எடுத்தேன். பிறகு, கிடைத்ததில் நல்ல கட்டுரையின் கடைசிப் பக்கத்து மேற்கோள் பட்டியலுக்குப் போய், அதை எழுதியவர் படித்த கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் தேடினேன். பழைய கட்டுரை ஒன்று மாட்டியது. நிட்டிங் கூடத்துத் தூசியைப் பற்றியே. அச்செடுத்துக்கொண்டு, பாப்பாவையும் தூக்கிக்கொண்டு குழந்தை டாக்டரிடம் ஓடினேன். படிக்கட்டுக் கதவைப் பற்றியும் சொன்னேன். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், மருந்து எழுதினார், கட்டுரையையும் புரட்டினார்.

"நல்லாத் தேடியிருக்கீங்க. அந்தக் கதவு இன்னும் திறந்தேதான் இருக்குதுங்களா?"

தாழ்ப்பாள்

அன்று ராத்திரி கதவை இழுத்துச் சாத்தினேன். தாழ்ப்பாள் நகரவில்லை, உள்ளே பஞ்சு அடைத்துக் கெட்டிப்பட்டிருந்தது. கரண்டிக் காம்பால் நோண்டினேன். "மெஷின் நின்னா எப்படித் தெரியும் அம்மிணி?" என்றார் மாமியார். அவரிடம் நான் அதுவரை எதிர்ப்பேச்சுப் பேசியதில்லை.

"கீழ இருக்கற ஆளுங்க போன் பண்ணுவாங்க அத்தை. பாப்பா மூச்சு நின்னா யாருங்க போன் பண்ணுவாங்க?"

கணவர் தாழ்ப்பாளுக்குத் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினார்.

எந்தக் கட்டுரைக் கிடங்கிலும் தேடிக் கிடைக்காத ஒரே ஒரு வேலையை, உள்பக்கமாக நின்று, தாழ்ப்பாளை டக்கென்று போட்டு, நானே முடித்தேன்.