மூன்று கிலோ இடம் இருக்கு என்று சொல்லிவிட்டேன்

அடுத்த கிழமை நோர்வேக்குப் பயணம். வடதுருவ வானத்தின் பச்சை ஒளியை மனிதகுலம் இதுவரை காணாத விதத்தில் படம் எடுக்கப்போகிறேன்.

என் லென்ஸைக் கொழும்புக் காலிமுகத்திடலில் வைத்தால், மாலைதீவில் யார் தேநீர் குடிக்கிறார்கள் என்று தெரியும். முக்காலி மட்டும் மூன்று கிலோ. அது இல்லாவிட்டால் படம் முழுவதும் கலங்கிவிடும்.

இன்று காலை பெட்டியை வெள்ளவத்தையில் ஒரு பலசரக்குக் கடைத் தராசில் ஏற்றினேன்.

"இருபத்தேழு கிலோ, அண்ணை," என்றார் முதலாளி.

"முப்பது கொண்டு போகலாம். இன்னும் மூண்டு கிலோ இடம் இருக்கு," என்றேன் பெருமையாக.

வெள்ளவத்தையில் இதைச் சத்தமாகச் சொல்லக்கூடாது.

எங்கள் மேல்மாடி இராசமலர் அக்கா பின்னால் நின்றிருக்கிறார்.

"தம்பி, நோர்வேக்கோ? என்ர மகளும் அங்கதானே. கொஞ்சம் மிளகாய்த்தூள்தான். முதலாளி, அந்த ஆறு கிலோவையும் தம்பியிட்டக் குடுங்கோ."

"மூண்டு கிலோதான் இடம், அக்கா."

"அதென்ன, பெட்டிக்குள்ள தடி?"

"முக்காலி. கமரா ஆடாமல் நிக்கிறதுக்கு."

"அதை விட்டிட்டுப் போமன். பிள்ளை மூண்டு மாசமா அங்கத்தைக் கடைத்தூளில சமைக்குது."

இதற்கு எதிராக வாதாடக்கூடிய சட்டத்தரணி இலங்கையில் இன்னும் பிறக்கவில்லை.

முக்காலி இப்போது பல்கனியில் நிற்கிறது. மனைவி அதில் துவாய் காயப்போட்டிருக்கிறாள்.

முக்காலி இல்லாமல் கமராவை ஆடாமல் பிடிக்க வழி தெரிந்தவர்கள் கீழே எழுதவும். நோர்வேயில் சொந்தக்காரர் இருப்பவர்கள் தயவுசெய்து எழுத வேண்டாம்.