கரோலின் அண்ணி யாழ்ப்பாணம் கூட்டிப்போன கதை

கரோலின் அண்ணி வேன் பிடித்தால் முகப்பில் பேனர் இல்லாமல் வண்டி நகராது. வேளாங்கண்ணி, பூண்டி, ஓரியூர் என்று இராயபுரத்துப் பெண்களைக் கோயில் கோயிலாகக் கூட்டிப்போகிறவள் அவள். மேலே மாதா படம், கீழே போகிறவர்களின் படம், நடுவில் கொட்டை எழுத்தில் எங்கள் தெருப் பெயர். ஒருமுறை பிளெக்ஸ் கடைக்காரன் தாமதம் செய்துவிட்டான் என்று, தூக்கில் கட்டிய புளியோதரை ஊசிப்போகிற வரைக்கும் வேனை மார்க்கெட் முனையிலேயே நிறுத்தி வைத்துவிட்டாள். "பேனரு இல்லாம போறதுக்கு நாம இன்னா ஆட்டு மந்தையா?" என்று எங்களையே திட்டினாள். ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொள்கிறவர்கள், பஸ் ஏறியதும் வாந்தி எடுக்கிறவர்கள், கோயிலுக்குள் காணாமல் போகிறவர்கள் எல்லோரையும் கட்டி மேய்க்கிற வாய் அவளுக்கு உண்டு. அந்த வாய் ஒரே ஒரு விஷயத்தில்தான் அடைத்துக்கொள்ளும். அது என் அண்ணனின் சாவு.

என் அண்ணன் இக்னேஷியஸ் பட்டாளத்தில் இருந்தான். கல்யாணமாகி இரண்டு வருடம். எண்பத்தேழில் அமைதிப் படை என்று இலங்கைக்கு அனுப்பினார்கள். அந்த ஐப்பசியிலேயே யாழ்ப்பாணத்துப் பக்கம் குண்டடி பட்டுச் செத்தான். உடம்பு வரவில்லை, அங்கேயே எரித்துவிட்டார்களாம். ஒரு தகரப் பெட்டி வந்தது. உள்ளே இரண்டு சட்டை, ஜெபமாலை, பாதி தீர்ந்த தேங்காயெண்ணெய் பாட்டில். அண்ணி அதை மூடி கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அழவில்லை. பிணத்தைப் பார்க்காமல் எப்படி அழுவது என்று கேட்டாள்.

ஊர் அவளை அழவும் விடவில்லை. அந்த நாளில் எங்கள் பக்கத்தில் சுவருக்குச் சுவர் இலங்கைத் தமிழர்களுக்காகப் போஸ்டர். நாங்களும்தானே உண்டியலில் காசு போட்டோம், ஊர்வலம் போனோம்? இப்போது எங்கள் வீட்டு ஆண் அங்கே துப்பாக்கியோடு போய்ச் செத்திருக்கிறான். யாரிடம் போய் ஒப்பாரி வைப்பது? காசிமேட்டில் நான் இறால் உரித்துக்கொண்டிருந்தபோது ஒருத்தி, "தமிழனச் சுடப் போனவன்தானே உங்கண்ணன்" என்றாள். அவள் கூடையைத் தூக்கிக் கடலில் எறிந்தேன். இன்றைக்குச் சொன்னாலும் எறிவேன். அண்ணி என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அதற்கப்புறம் யார் கேட்டாலும், "ஆக்சிடென்ட்ல பூட்டாரு" என்று சொல்லிவிடுவாள்.

தொண்ணூறில் அந்தப் படை திரும்பி வந்தபோது கப்பல் நம் துறைமுகத்துக்குத்தான் வந்தது. எங்கள் தெருவிலிருந்து ஒரு ஈ காக்காய் போகவில்லை. அண்ணி மட்டும் போய்த் துறைமுக வாசலில் நின்றாள். உடம்பைத்தான் பார்க்கவில்லையே, ஒருவேளை ஆள் மாறிப் போயிருக்கலாம், லாரியில் இருந்து இறங்கிவிட மாட்டானா என்று கடைசி லாரி போகிற வரைக்கும் நின்றாளாம். நான் போய்த்தான் கூட்டிவந்தேன்.

கல்லறைத் திருநாள் வந்தால் எனக்கு வயிறு எரியும். நவம்பர் இரண்டாம் தேதி காசிமேட்டுக் கல்லறையில் நிற்க இடம் இருக்காது. சுண்ணாம்பு அடித்து, சிலுவையில் பெயரைப் புதிதாக எழுதி, சாமந்தி பரப்பி, மெழுகுவத்தி ஏற்றி, அவரவர் ஆளுக்குப் பக்கத்தில் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். சாமியார் ஒவ்வொரு கல்லறையாக வந்து பெயர் கேட்பார். பெயரைச் சொல்லி மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். கல்லறை இல்லாதவர்களுக்கு நடுவில் பெரிய சிலுவை இருக்கிறது. அங்கே யாரும் பெயர் கேட்க மாட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே மந்திரிப்பு. அண்ணி அந்தக் கும்பலில் வருடா வருடம் மெழுகுவத்தியோடு நிற்பாள். வயது அறுபதைத் தாண்டிவிட்டது, இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

இதை மாற்றியது கிருஷ்ணப்பன். கொருக்குப்பேட்டைக்காரர், பட்டாளத்தில் அண்ணனோடு ஒரே கம்பெனியில் இருந்தவர். அவன் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர். ஒரு கல்யாண வீட்டில் தற்செயலாக அண்ணியோடு பேச்சு வந்து, "அந்த எடம் எனக்கு மறக்கல தங்கச்சி. ஒரு கெணறு, பக்கத்துல அந்தோணியார் செல வச்ச கெபி. இப்ப கொண்டுபோயி வுட்டாலும் காட்டுவேன்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அண்ணி அன்றைக்கே அவர் வாயிலிருந்து சத்தியம் வாங்கிவிட்டாள்.

அப்புறம் தொடங்கியது பேஜார். அமைதிப் படையில் செத்தவர்களின் வீடுகளாகத் தேடித் தேடிப் போனாள். வியாசர்பாடி, எண்ணூர், புளியந்தோப்பு என்று நடக்காத தெரு இல்லை. பாதிப் பேர் கதவைத் திறக்கவே யோசித்தார்கள். ஒருத்தன், "எங்கப்பா பேர இப்ப எதுக்குக் கெளப்பிக்கினு வர்ற? என் புள்ளைங்களுக்கே நா சொல்லல" என்று வாசலோடு அனுப்பினான். கடைசியில் ஒரு வேன் கொள்கிற அளவுக்கு ஆள் சேர்ந்தது. அதில் சொக்கம்மாள் என்று வியாசர்பாடிப் பெண், அவளும் பட்டாளத்தான் பெண்டாட்டிதான். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கப் போன இடத்தில், "என்னிக்கும் சிரிக்கச் சொல்லுவானுங்க, இன்னிக்கு சிரிக்காதன்றான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"ஒனக்கு இன்னாதான் அண்ணி வோணும் அங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவரு வுழுந்த எடத்துல ஒரு மெழுகுவத்தி. பேரச் சொல்லி ஒரு மந்திரிப்பு. வாய் வுட்டு நானே சொல்லணும் சாரா. இன்னார், இன்னா வூட்டு ஆளு, இங்க செத்தாருன்னு. அவ்ளோதான்."

முதலில் கொழும்புக்குப் போனோம். அங்கே நம் படைக்கு நினைவிடம் இருக்கிறது, கருங்கல்லில் பெயர் வெட்டியிருக்கிறார்கள். சொக்கம்மாள் தன் வீட்டுக்காரர் பெயரைப் பார்த்ததும் கல்லில் கன்னத்தை வைத்து அழுது, சூடம் கொளுத்தி, மனசு ஆறிவிட்டாள். அண்ணனின் பெயரும் இருந்தது. நான் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அண்ணி கைகட்டி நின்றாள். "பேரு கீது. இங்கயா செத்தாரு?" என்றாள். அவளுக்கு அந்தக் கல் போதவில்லை.

மறுநாள் யாழ்ப்பாணம். அங்கே வேன் ஓட்ட வந்த கஜன் நல்ல பையன். அண்ணி பையிலிருந்து பேனரை எடுத்து விரித்ததும் அவன் முகம் செத்துவிட்டது. "வீர வணக்கம்" என்று மேலே எழுத்து, கீழே வரிசையாக எங்கள் ஆட்களின் படம், எல்லோரும் பட்டாள உடுப்பில். அண்ணன் தொப்பியோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

"அன்ரி, இதைக் கட்ட வேண்டாம்."

"ஏம்பா? செத்தவங்களுக்குப் பேனரு வக்கிறது தப்பா?"

"தப்பெண்டு சொல்லேல்லை. இது ஆமிக்காரற்ற படம். இஞ்ச சனம்..." என்று இழுத்தான்.

"எங்கண்ணன் படத்த நா ஏன் சுருட்டணும்?" என்று நான்தான் எகிறினேன். எங்கள் ஊரில் காதுகுத்துக்குப் பேனர், கருமாதிக்குப் பேனர். நாற்பது வருடமாக வெளியே காட்டாத முகம், அன்றைக்குத்தான் முதல்முறையாக வெயில் பார்க்கிறது. கஜன், "நான் சொல்லிப்போட்டன்" என்று சொல்லிவிட்டு அவனே கயிற்றைக் கட்டிக் கொடுத்தான்.

அந்த ஊர்ப் பெயரை நான் சொல்லப் போவதில்லை. மழை விட்டிருந்தது. செம்மண் சந்து, இரண்டு பக்கமும் பனையோலை வேலி. எதிரே சைக்கிளில் வந்த ஒருத்தர் பேனரைப் பார்த்தார், கால் ஊன்றி நின்றார், அப்படியே திரும்பிப் போய்விட்டார். ஒரு வீட்டின் தகரப் படலை, வேலிக் கதவை அப்படித்தான் சொல்கிறார்கள், மூடியது. அடுத்த வீட்டில் மூடியது. கல்லெறிந்திருந்தால்கூட நான் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். வேன் போகப் போகப் படலை மூடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நிறுத்து, நிறுத்து" என்றார் கிருஷ்ணப்பன். கிணறு இருந்தது. அந்தோணியார் கெபி இருந்தது, மூக்கு உடைந்த சுரூபத்தோடு. இரண்டும் இப்போது ஒரு வீட்டு வேலிக்குள். கிருஷ்ணப்பன் கிணற்றடியைக் கைகாட்டினார். அண்ணி மெழுகுவத்தியும் சாமந்தியுமாக இறங்கினாள்.

அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். அண்ணியைவிட ஐந்தாறு வயது மூத்தவளாக இருக்கலாம். கழுத்தில் ஜெபமாலை. கஜன் ஓடிப்போய், "திரேசம்மா அன்ரி, இவை இந்தியாவில இருந்து..." என்று ஆரம்பித்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. பேனரின் முன்னால் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"இதில ஆர் உங்கட ஆள்?"

"இவரு. என் வூட்டுக்காரரு. இந்தக் கெணத்தாண்டதான் செத்தாரு. ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டுப் பூட்றேம்மா."

திரேசம்மா அண்ணி கையிலிருந்த சாமந்தியைப் பார்த்தாள். பிறகு கிணற்றுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினாள்.

"அண்டைக்கு அதில ஷெல் விழுந்தது. எந்தப் பக்கத்தால வந்ததெண்டு ஆண்டவருக்குத்தான் தெரியும். என்ர மகன் செத்தவன். ஒன்பது வயசு. இந்த வளவுக்குள்ளயே குழி வெட்டித் தாட்டுப்போட்டு ஓடினனாங்கள். கனகாலத்துக்குப் பிறகு திரும்பி வரேக்க எல்லாம் காடு. எதில தாட்டதெண்டு எனக்கு இன்னும் தெரியேல்லை." மூச்சு வாங்கினாள். "கொளுத்துங்கோ. செத்தவைக்குத்தானே. ஆனா ஆமிக்காரற்ற பேர் இதில சொல்லாதேங்கோ. என்னால கேக்கேலாது."

எனக்கு ரத்தம் ஏறியது. இதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தாள்? பெயர் சொல்லாத மந்திரிப்புக்குக் காசிமேட்டுப் பெரிய சிலுவை போதாதா? நான் வாயைத் திறக்க, அண்ணி என் கையை நகம் பதியப் பிடித்தாள். பிறகு வேனுக்குப் போய்ப் பேனர் கயிற்றை அவிழ்த்தாள். முடிச்சு இறுகிவிட்டது, பல்லால் கடித்து இழுத்தாள். அண்ணன் முகம் உள்பக்கமாகப் போகிற மாதிரி சுருட்டி சீட்டுக்கு அடியில் வைத்தாள்.

கிணற்றடியில் மெழுகுவத்தி ஏற்றினாள். ஈரக் காற்றில் மூன்று தடவை அணைந்தது. முழங்கால் போட்டோம். சொக்கம்மாளுக்கு எங்கள் ஜெபம் தெரியாது, அவளும் கைகூப்பி உட்கார்ந்தாள். அண்ணி தொடங்கினாள்.

"ஆண்டவரே, உம்மிடத்தில் வந்துவிட்ட உமது பிள்ளையாகிய..."

அங்கே நின்றுவிட்டாள். பெயர் வர வேண்டிய இடம். நான் இக்னேஷியஸ் என்று கத்திவிடலாமா என்று நினைத்தேன். கத்தியிருப்பேன். அண்ணி தலையைத் திருப்பினாள்.

"உங்க புள்ள பேரு இன்னாம்மா?"

திரேசம்மாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு, "யூட்" என்றாள்.

"உமது பிள்ளையாகிய யூட்டுக்கு நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும்" என்று அண்ணி உரக்கச் சொன்னாள். தன் வீட்டுக்காரர் பெயருக்கென்று தேக்கி வைத்திருந்த குரல் அது, எனக்குத் தெரியும். திரேசம்மா பொத்தென்று மண்ணில் உட்கார்ந்து, "இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றாள். அண்ணி இன்னொரு தரம் சொன்னாள். நாங்களெல்லாம் ஆமென் சொன்னோம். நானும் சொன்னேன், அழுதுகொண்டேதான் சொன்னேன்.

அப்புறம் திரேசம்மா எங்களைத் தேத்தண்ணி குடிக்காமல் விடவில்லை. பனங்கட்டியோடு எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். கிருஷ்ணப்பனுக்கும் கொடுத்தாள், அவர் முகத்தைப் பார்க்காமல். எல்லோரும் ஏறிய பிறகும் அண்ணி காலி கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு படலைக்குப் பக்கத்திலேயே நின்றாள். திரேசம்மா கிளாசை வாங்கிக்கொண்டாள். அண்ணி அப்போதும் நகரவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பவும் மழை வரப்போகுது. வெளிக்கிடுங்கோ பிள்ளை" என்றாள் திரேசம்மா. படலையைச் சாத்தினாள்.

வேன் நகர்ந்தது. பெரிய ரோட்டுக்கு வருவதற்குள் அண்ணி உடைந்துவிட்டாள். எண்பத்தேழில் அழாததெல்லாம் அன்றைக்கு வந்தது. ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டி முட்டி அழுதாள். சொக்கம்மாள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பிடிக்க முடியவில்லை. கஜன் வண்டியை ஓரம்கட்டினான்.

"கேப்பாங்கன்னு நெனச்சேன் சாரா" என்றாள்.

"இன்னாத்த அண்ணி?"

"அவரு பேர."