மூக்கைத் தொட்டுப் பழகியவர்

என் வலது கை அடிக்கடி மரத்துப்போகிறது என்று மலாக்காவில் நரம்பு டாக்டரை முதல்முறை பார்க்கப் போனபோது, வெளியே காத்திருந்தவர்களில் அவரைச் சந்தித்தேன். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டி, எண்ணெய் வைத்துத் தலை வாரி, வேலைக்கு நேர்முகம் வந்தவர்போல் உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பழகினார். வலது விரல் சரியாகப் போனது. இடது விரல் கன்னத்தில் முட்டியது.

"மூக்கு எங்கயும் ஓடிறாதுலா," என்றார் அவர் மனைவி.

"இதச் செய்யச் சொல்வாங்களாம். வேற என்னம்மா கேப்பாங்க?" என்று அவர் என்னிடம் கேட்டார்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். எல்லாம் தெரிந்துகொண்டுதான் போயிருந்தேன். முழங்காலைத் தட்டுவார்கள், நேர்கோட்டில் நடக்கவிடுவார்கள், எப்போது தொடங்கியது என்று கேட்பார்கள் என்றேன்.

"அப்ப பாஸ் பண்ணிறலாம்."

"இது பரீட்சை இல்ல அங்கள். உள்ளதச் சொன்னாத்தான் மருந்து குடுப்பாங்க."

"சொன்னா லைசன்ஸ் போயிரும்மா. நான் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏத்துற லாரி ஓட்டுறேன்."

கூப்பிட்டதும் விறைப்பாக நடந்து உள்ளே போனார். வெளியே வந்தபோது சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. "சொன்னீங்களா?" என்று மனைவி கேட்டதும் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். அடுத்து என் பெயர். எழுந்த என்னிடம், "நீ ஒண்ணு விடாம சொல்லிரும்மா. நீ என்ன லாரியா ஓட்டுற?" என்றார்.

வீட்டில்கூடச் சொல்லாத, அவ்வப்போது வரும் மயக்கத்தையும் டாக்டரிடம் சொன்னேன். இப்போதும் லூபோக் சீனா சாலையில் செம்பனை லாரி எதிரே வந்தால், பஸ் ஜன்னல் வழியே ஓட்டுநரின் முகத்தைத் தேடுகிறேன். அவராக இருந்தால் சந்தோஷப்படுவேனா, பயப்படுவேனா, தெரியவில்லை.