காலி அட்டையோடு வருகிறவர்கள்

மெடிக்கல் ஷாப் நடத்த டிப்ளமோ வேண்டும், லைசென்ஸ் வேண்டும், ஃபிரிட்ஜ் வேண்டும். இது மூன்றும் இருந்து சந்தேகம் மட்டும் இல்லையென்றால் ஒரு வாரம் தாங்காது. சூளகிரியில் ஹைவே ஓரம் கடை வைத்திருக்கிற எனக்கு அந்தச் சந்தேகம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. "அக்கா, ஒரு ஆன்டிபயாட்டிக்" என்று தேன்மிட்டாய் கேட்கிற மாதிரி யாராவது கையை நீட்டினால் போதும், என் கண் தானாகச் சுருங்கிவிடும். கவுண்டருக்குப் பின்னால் நின்று காலம் தள்ளுகிறவர்களே, உங்களுக்கும் அப்படித்தானே?

வராத இருமல்

பக்கத்து ஊர் விவசாயி வெங்கடப்பா ஒருநாள் வந்து, ஒரு கேப்சூலின் பேரைச் சொல்லி முழு டப்பாவாகவே கேட்டார். யாருக்கு என்றேன். "எனக்குத்தான்மா, நெஞ்சுச் சளி" என்று ஒரு இருமு இருமினார். நாடகக்காரர்கள்கூட அதைவிட நன்றாக இருமுவார்கள். டாக்டர் சீட்டு எங்கே என்றால், வாயாலேயே சொன்னாராம். சரிதான் என்று நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்போதே அவர் போன் அடித்தது. ஸ்பீக்கரில் அவர் சம்சாரம் கத்தினாள்: "இன்னும் ரெண்டு செத்துப்போச்சு, மாத்திரை வாங்கினியா இல்லியா? தண்ணியில கலக்கணும்!"

எனக்கு ஒரு நிமிஷம் பகீரென்றது. அப்புறம்தான் கோழி கூவுகிற சத்தமும் போனில் கேட்டது. மனுஷ மருந்தை இஷ்டத்துக்குக் கோழித் தண்ணியில் கலந்தால், அது முட்டையிலும் கறியிலும் நம்மிடமே திரும்பி வரும், கிருமிக்கும் அந்த மருந்து பழகிப்போகும், பேசாமல் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். மனுஷர் இருமலை மறந்தே போனார். "மாட்டாஸ்பத்திரிக்குக் கோழியத் தூக்கிட்டுப் போனா ஊரே சிரிக்கும்மா. அதுக்கோசரந்தான் நானே இருமுனேன்."

ஒரே அட்டை, வேறு வேறு கை

செல்போன் பாகம் கோர்க்கிற கம்பெனி ஒன்று எங்கள் பக்கத்தில் வந்தபின், அறை எடுத்துத் தங்கும் பெண்கள் கடைக்கு நிறைய வர ஆரம்பித்தார்கள். ஒருத்தி காலி மாத்திரை அட்டையைக் காட்டி, "இதே குடுங்க, காய்ச்சல்" என்றாள். சீட்டில்லாமல் தரமாட்டேன் என்று அனுப்பினேன். அடுத்து வேறொருத்தி வந்தாள், தொண்டை வலி. அப்புறம் இன்னொருத்தி, ஒண்ணுக்குப் போனால் எரிகிறது என்றாள். வியாதி மாறுகிறது, ஆள் மாறுகிறது, மூலை கிழிந்த அட்டை மட்டும் அதேதான்! விடுவேனா? அந்த மூன்றாவது பெண்ணைப் பிடித்து உட்கார வைத்தேன். பேர் செல்வி, ஊர் கல்லாவி.

நோண்டி நோண்டிக் கேட்டதில் விஷயம் வந்தது. யாராவது ஒருத்தி டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கி வருவாள். தனக்குக் கொஞ்சம் குறைந்ததும் மிச்சத்தை மசாலா டப்பா பக்கத்தில் வைத்துவிடுவாள். யாருக்கு எது வந்தாலும் அதுதான் மருந்து, தீர்ந்தால் அட்டையோடு கடைக்கு. வேறு கடைகளில் கிடைத்தும் இருக்கிறது. "பாதியில் நிறுத்தினால் கிருமி சாகாதுடி" என்று தலையில் அடித்துக்கொண்டேன். செல்விக்கோ வேறு கவலை. கம்பெனி அவளைக் காண்ட்ராக்டிலிருந்து நிரந்தரம் ஆக்கப் போகிறது, லீவு விழுந்தால் அது போச்சு. "ரூமுக்கு ஒருத்தி லீவு போட்டு டாக்டரைப் பாத்தா பத்தாதாக்கா? அத்தனை பேரும் எதுக்குப் போடணும்?"

லேபுக்காரர் யார்?

கொஞ்ச நாளில் செல்வி மறுபடி வந்தாள். நடுக்கம், வாந்தி, விலாவைப் பிடித்துக்கொண்டு நிற்கவே முடியவில்லை. அப்போதும் கையில் காலி அட்டை! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கோபத்துக்கு அடியில் பயம்தான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "டாக்டர்கிட்ட போறோம், யூரின் டெஸ்ட் எடுக்கிறோம், வாயத் தொறக்காதே" என்று ஆட்டோவில் ஏற்றினேன்.

டாக்டர் பார்த்த உடனே கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லிவிட்டார். கிருமி கிட்னிவரை ஏறியிருந்தது. அவர்கள் அறையில் பங்கு போட்ட மாத்திரை அதை ஒன்றுமே செய்யாது என்று டெஸ்டில் வந்தது, ஊசிதான் போட வேண்டியிருந்தது. நல்லவேளை, பிழைத்தாள். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டு அந்தப் பெண் கேட்டது இன்னும் காதிலேயே இருக்கிறது. சந்தேகத்தில் என்னையே மிஞ்சிவிட்டாள். "அந்த டெஸ்ட் எடுக்கிற லேபுக்காரங்க உங்க சொந்தக்காரங்களாக்கா?"

மிச்சம்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் செல்வி கடைக்கு வந்தாள். வேலை போகவில்லை, நிரந்தரம் மட்டும் தள்ளிப்போய்விட்டது என்றாள். முகத்தில் களை வந்திருந்தது, எனக்கு அப்படியொரு சந்தோஷம். கர்ச்சீப்பைப் பிரித்து ஒரு அட்டையை மெதுவாகக் கவுண்டரில் வைத்தாள். வீட்டில் முடிக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை, பாதி அப்படியே இருந்தது. கூட இருக்கிற சுமதிக்கும் எரிகிறதாம், இது அவளுக்கு ஆகுமா என்று கேட்க வந்திருக்கிறாள்!

நான் போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடையே எட்டிப் பார்த்தது. டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டு, நிறுத்தினது நேற்றிலிருந்துதான் என்று உறுதி பண்ணி, என் கண் முன்னாலேயே ஒன்றை விழுங்க வைத்தேன். பாட்டில் தண்ணியை நீட்டினால், ஒரே ஒரு மிடறு குடித்துவிட்டு மூடினாள். எனக்கு உடனே சந்தேகம். மாத்திரையை நாக்கடியில் ஒளித்துவிட்டாளோ? "வாயத் தொற" என்றேன். திறந்தாள், இல்லை. "அப்புறம் தண்ணி குடிக்க என்னடி கேடு? தண்ணி குடிக்காமல்தானே இந்த வியாதியே வந்து வந்து நிற்குது" என்று கத்தினேன். செல்வி பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தண்ணி குடிச்சா பாத்ரூம் போவணும்க்கா. கம்பெனியில வேலைய விட்டு எந்திரிச்சா, எங்கள மேய்க்கிற லைன் லீடர் எல்லார் முன்னாடியும் கத்துறாரு. அவருகிட்ட நீங்க வந்து பேசுவீங்களா?"

இந்தக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் வந்து நின்ற அத்தனை பேரையும் சந்தேகப்பட்டுத் தீர்த்தேன், ஒருநாளும் என் கடைப்படி ஏறாத அந்த லைன் லீடரை மட்டும் விட்டுவிட்டேன்.