மைதானம் தெருவில் சேராது

மல்காஜ்கிரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த தெருவின் கடைசியில் ஒரு மாடி வீடு பூட்டிக் கிடந்தது. அதன் சொந்தக்காரர்கள் மகனோடு அமெரிக்கா போய்விட்டார்கள். ஆஸ்பத்திரி கைவிட்டவர்களைக் கடைசி மூச்சு வரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லமாக அதை ஒரு தர்ம ஸ்தாபனம் மாற்றப்போகிறது என்று கேள்விப்பட்டதும் எனக்குத் தெம்பு வந்தது. வயிற்றில் புற்று முற்றிய அக்காவை அந்த வாரம்தான் ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் வீட்டுக்காரர் நல்லவர்; என்னைத் 'தம்முடு', தம்பி என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அங்கெல்லாம் வாடகை வீட்டில் சாவு விழக் கூடாது. விழுந்தால் வீட்டை மாதக்கணக்கில் பூட்டிவைக்க வேண்டும் என்பார்கள். அதனால் நோயாளிக்கு முடியாமல் போனால் குடித்தனக்காரர்கள் தூக்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். மூன்று தலைமுறையாக அந்த நகரத்திலேயே இருந்த எங்களுக்குப் போக ஊர் இல்லை.

தேர்தல் நெருங்கிய சமயம். இல்லம் வரக் கூடாது என்று காலனி சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். எங்கள் வார்டு கார்ப்பரேட்டர் வந்தார், அவரை எதிர்த்து நிற்கப்போகிறவரும் வந்தார். இருவரும் ஒரே பேச்சாகப் பேசியது அன்றைக்கு மட்டும்தான். தெருமுனைக் கோயில்தான் பெரிய காரணம். தெருவில் பிணம் கிடந்தால் எடுக்கும் வரை நடை சாத்த வேண்டும். வாரத்துக்கு இரண்டு சாவு என்றால் சாமிக்கு எப்போது விளக்கேற்றுவது? சாஃப்ட்வேர் பிள்ளைகள் ஃப்ளாட் வாங்க வரும் தெருவில் பாடை போனால் யார் வருவார்கள் என்றார் ஒருவர்.

"காஞ்சன்பாக் பக்கம் வைக்கட்டுமே."

"அங்கிருந்து துரத்தித்தானய்யா இங்கே வந்திருக்காங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். பேச்செல்லாம் தெலுங்கில். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, 'அப்போ எங்க அக்காவை எங்கே கொண்டுபோறது?' என்பதைத் தெலுங்கில் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் இல்லம் வேண்டாம் என்ற மனு என் மடிக்கு வந்துவிட்டது. வீட்டுக்காரர் பேனாவின் மூடியைக் கழற்றியே நீட்டினார்.

"போடு, தம்முடு."

முன்வரிசையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள்: "எழுந்து பேசினியாடா?"

"இல்லக்கா."

"கையெழுத்து?"

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

"போட்டுட்ட. இஸ்கூல்ல நீ சபாஷ் வாங்கினது அது ஒண்ணுக்குத்தானே!" என்று சிரித்தாள். சிரிப்பு வயிற்றை இழுக்கவே, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இல்லத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஊருக்கு வெளியே எங்கே வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேசி முடிப்பதற்குள் அக்காவுக்குத் தண்ணீர்கூட இறங்காமல் போனது. வீட்டுக்காரர் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதார். பிறகு வாசலில் என்னிடம், "தம்முடு, நாளைக்கு..." என்றார். பூட்டிய வீட்டுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் ஷாமியானா போட அவரே ஆள் அனுப்பினார்.

கட்டிலோடு அங்கே தூக்கிப்போனோம். அக்கா மேலே பார்த்தாள்.

"இன்னாடா, கல்யாண வூடு மாதிரி கீது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நக்கோடா, அழாத. அந்த வூட்டுக்கு எத்தினி ஜன்னல், எண்ணு."

"பதினொண்ணு."

"எல்லாம் மூடிக் கீதா?"

"ஹவ்க்கா, எல்லாம் மூடித்தான்."

கண்ணை மூடிக்கொண்டாள். அதன் பிறகு அவள் பேசவில்லை.

மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள்தான் டீயும் சாதமும் கொண்டுவந்தார்கள். மறுநாள் மத்தியானம் அக்கா போய்விட்டாள். சொந்தக்காரர்கள் வர நேரமாகும் என்று உடலை அங்கேயே வைத்திருந்தோம்.

ஆறு மணிக்குத் தெருமுனைக் கோயிலில் மணி அடித்தது. நான் நிமிர்ந்து பார்த்ததை வீட்டுக்காரர் கவனித்துவிட்டார். குனிந்து என் காதருகே சொன்னார்: "பூசாரியைக் கேட்டுட்டேன், தம்முடு. மைதானம் தெருவில் சேராதாம்."

எனக்குச் சங்கடம் வேண்டாம் என்றுதான் சொன்னார். நான் தலையாட்டினேன்.